பிள்ளையார் சுழி விழுந்த பக்கம்

வீட்டுக்குள் முதலில் நுழைந்தவர் கலியபெருமாள்தான். கடலூரில் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் போய்விட்டு, தாம்பூலப் பையும் கசங்கிய வேட்டியுமாகப் புதுச்சேரி சாரம் ஸ்டாப்பில் வந்து இறங்கியவர், பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் அவருக்கு நினைப்பெல்லாம் இங்கேதான். சமையல் மேடைக்குக் கல் பதிக்கிற அன்றைக்குப் பார்த்து ஊரில் இல்லாமல் போய்விட்டதே என்று பஸ்ஸில் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். உள்ளே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“சுலோ, இது நம்ம வீடுதான?” என்று மனைவியைக் கேட்டார்.

சுலோசனா எட்டிப் பார்த்தாள். மேடை இருந்தது. கறுப்பு கிரானைட் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. பாத்திரம் கழுவும் தொட்டி, காஸ் குழாய் நுழைகிற ஓட்டை, மூலையில் திரும்பி அடுத்த சுவரோடு நீளும் வேலை மேடை, ஒன்றும் குறைவில்லை. இடம்தான் மாறியிருந்தது. தென்கிழக்கு மூலையில் வரவேண்டிய அடுப்பு வடகிழக்கில் இருந்தது. வடகிழக்கில் வரவேண்டிய தொட்டி தென்கிழக்கில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அடுப்புக்கு முன்னால் கிழக்கே பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் நீளவேண்டிய வேலை மேடை, இடது கைப் பக்கம் நீண்டிருந்தது. போட்ட திட்டத்தை அப்படியே கண்ணாடியில் காட்டியது போல இருந்தது சமையலறை.

கூடவே கல்யாணத்துக்கு வந்திருந்த கலியபெருமாளின் அக்கா குஞ்சம்மாள், ஒரு வாய் காபி குடித்துவிட்டு நெல்லித்தோப்புக்குப் போகலாம் என்று பின்னாலேயே நுழைந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அக்கினி மூலையில தண்ணித் தொட்டி, ஈசானி மூலையில அடுப்பு. ஏன்டா கலியா, குடும்பம் வெளங்கணும்னு கட்டுனியா, வெளங்கக் கூடாதுன்னு கட்டுனியா?”

கலியபெருமாள் மறுபடியும் உள்ளே போய் மேடையைச் சாண் போட்டு அளந்தார். அவர் ஒரு காலத்தில் மில்லில் பிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் லிப்ட், ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிற வேலை. அளவு என்று வந்துவிட்டால் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. பழைய சுவர், மூலைகள் ஒன்றும் நேராக இல்லை, டேப் பிடித்து எழுதிக்கொடுத்தால் கல் சரியாக உட்காராது என்று சொல்லி, பழைய செய்தித்தாள்களை மைதாப் பசையால் ஒட்டி, மேடை மேல் விரித்து, சுவரோடு சுவராகக் கத்தரித்து, தொட்டிக்கும் காஸ் குழாய்க்கும் காகிதத்திலேயே ஓட்டை போட்டு, கல் கடைக்கு அனுப்பிவைத்தவர் அவர். அதே அளவில் வெட்டினால் மயிரிழை பிசகாது என்று தெருவில் நாலு பேரிடம் பெருமையும் அடித்திருந்தார்.

மேஸ்திரி முருகையனுக்குப் போன் போயிற்று. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். இந்தக் குடும்பத்துக்கு அன்றைக்கு வினையே அந்த எண்ணெய்தான். சைக்கிளைச் சாத்திவிட்டு நிதானமாக உள்ளே வந்தார்.

“நான் இன்னா சார் பண்ணட்டும். கல்லு வந்துச்சு, வச்சுப் பார்த்தோம், அந்தப் பக்கத்துச் செவத்துல ஒக்காரல. உங்களுக்குப் போன் அடிச்சா எடுக்கல. பாலிஷ் ஒரு பக்கந்தான, கவுத்துப் போடவும் முடியாது. சரி, சாரு யோசனை பண்ணித்தான் மாத்தியிருப்பாருன்னு நெனச்சேன். செங்கல்ல இந்தப் பக்கம் எழுப்பி வச்சேன், ஒக்காந்துருச்சு. இடுக்கு இருந்த எடத்துல சிமெண்டு பூசிட்டேன். தொட்டிக் கொழாயையும் இந்தப் பக்கம் இழுத்துட்டேன். வெளிய சந்துதான, செரமமில்ல.”

“நான் எதுக்குய்யா மாத்தப்போறேன்? என் பேப்பர் எங்க?”

கல்லோடு திரும்பி வந்திருந்த காகிதத்தை முருகையன் மூலையிலிருந்து எடுத்துக் கூடத்தில் விரித்தார். ஒரு பக்கத்தில் கலியபெருமாள் பென்சிலால் மெல்லிசாகப் போட்ட கோடுகள். செய்தித்தாளின் அச்சுக்கு நடுவில் அவை கண்ணுக்கே தெரியவில்லை. புரட்டிப் போட்டால் மறுபக்கத்தில், உச்சியில், மஞ்சளைக் குழைத்துப் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி. அதன் மேல் குங்குமம்.

சுழி இருக்கிற பக்கம்தான் மேல் பக்கம். இதை எந்தக் கல் கடைக்காரனுக்கும் யாரும் சொல்லித் தரவேண்டாம். கல்யாணப் பத்திரிகையிலிருந்து மளிகைச் சீட்டு வரைக்கும் நம் ஊரில் காகிதத்துக்குத் தலை எது என்று கண்டுபிடிக்கிற வழி அதுதான். அவன் சுழி மேலே தெரிகிற மாதிரி கல்லில் விரித்தான், கோடு போட்டான், வெட்டினான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சுழியைப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். காகிதம் கடைக்குப் போகிறதற்கு முன்னால் குஞ்சம்மாள் வந்திருந்தாள். சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்து, “நல்ல காரியத்துக்குப் போற பேப்பர், மொட்டையாவா அனுப்புவீங்க?” என்று கேட்டு, பூஜை மாடத்திலிருந்து மஞ்சளை எடுத்து, சுருளில் வெளியே தெரிந்த பக்கத்தில் தன் கையாலேயே போட்டுவிட்டுப் போனாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையாரே வந்து முன்னால் நின்று முடித்துக்கொடுத்திருந்தார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். குஞ்சம்மாள் மாமியார் இல்லைதான், நாத்தனார். ஆனால் தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அதனால் அந்த வீட்டில் இரண்டு பட்டமும் அவளுக்கே. இதையே சுலோசனா செய்திருந்தால் அடுத்த தீபாவளி வரைக்கும் பேச்சு ஓய்ந்திருக்காது. இப்போது கலியபெருமாள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், முருகையன் கூரையைப் பார்த்தார்.

“சுழிய எங்க போட்டா இன்னா, பார்த்து வெட்ட வேணாமா அவன்?” என்றாள் குஞ்சம்மாள். “போனது போவட்டும். வெள்ளிக்கெழம பால் காய்ச்ச நாள் குறிச்சாச்சு. நாளைக்குக் காலையில மொதல் வேலையா எல்லாத்தையும் ஒடச்சு எடுங்க மேஸ்திரி. கல்லு போனாப் போவுது.”

“சரிக்கா,” என்றார் கலியபெருமாள். அவர் அக்காவிடம் அதைத் தவிர வேறு சொல் சொன்னதே கிடையாது.

குஞ்சம்மாள் ஆட்டோ ஏறினாள். முருகையன் நாளைக்கு உளியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கலியபெருமாளுக்குச் சாயங்கால டூட்டி. சுலோசனா தனியாக இருந்தாள். வீட்டில் அதுவரை யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாளோ, அப்போது அவளுக்கே தெரியாது.

தலைவலிக்கு ஒரு டீ போட்டுக் குடிக்கலாம் என்று தோன்றியது. சமையலறையை இடித்ததிலிருந்து கூடத்து மூலையில் தரையில் வைத்துச் சமைத்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதுக் கல்லில் வைத்தாள். நாளைக்கு உடையப் போகிற கல்தானே, இன்றைக்கு ஒரு டீ குடித்தால் என்ன. காஸ் குழாயை ஓட்டையில் விட்டு மாட்டினாள். பாலை வைத்தாள். சர்க்கரை டப்பாவையும் இஞ்சியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இஞ்சியை நறுக்கினாள். டப்பாவைத் திறந்தாள், ஸ்பூனை எடுத்தாள், போட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று நின்றாள். கை எங்கேயும் முட்டவில்லை. எதையும் தாண்டிப் போகவில்லை. அடுப்புக்கு மேலே குறுக்கே நீளவில்லை. அவளுடைய இடது கை, தன் பாட்டுக்கு வேலையை முடித்துவிட்டு நின்றது.

சுலோசனா பிறவியிலேயே இடது கைக்காரி. அம்மா வீட்டில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து முதல் முதலாக ரசத்துக்குத் தாளித்தபோது, பின்னால் நின்ற குஞ்சம்மாள் கரண்டிக் காம்பால் அவள் விரல் முட்டியில் தட்டினாள். “சோத்தாங்கையால கிண்டு. பீச்சாங்கை பட்டதையா என் தம்பி திங்கணும்?” என்றாள். அன்றிலிருந்து வலது கைதான். நறுக்குவது, கிண்டுவது, ஊற்றுவது எல்லாம் வராத கையால். அந்தச் சமையலறையும் வலது கைக்காரர்களுக்கென்றே கட்டியது. ஒரு வேலைக்கு இரண்டு வேலை நேரம் ஆனது. குழம்பு சிந்தியது, தட்டு உடைந்தது, வலது மணிக்கட்டில் சூடு பட்ட தழும்புகள் ஒன்றுமேல் ஒன்றாக ஏறின. நிற்க வசதியாக இல்லை அண்ணி என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம் என்று பதில் வந்தது. சுலோசனா கைராசி இல்லாதவள் என்று சொந்தத்தில் பேராகிவிட்டது. எந்த விசேஷமானாலும் சமையலுக்குக் குஞ்சம்மாள்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சிப்பாய், சொல்தா என்பார்களே, அவர் வீட்டில் பல வருஷம் சமைத்துப் பேர் எடுத்தவள் அவள். சுலோசனாவுக்குத் தேங்காய் துருவுகிற வேலை.

அவள் ஒரு வெங்காயத்தை எடுத்து இடது கையால் நறுக்கிப் பார்த்தாள். டீக்கு வெங்காயம் எதற்கு? இன்னொன்றை நறுக்கினாள். கத்தி மழைச் சத்தம் போலப் போயிற்று. தட்டு நிறைந்தது. இதற்குள் பால் பொங்கி, கிழக்கு ஜன்னல் பக்கமாக வழிந்து, கல்லில் ஓடியது. அடுப்பை அணைக்கிற வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அணைத்த பிறகு அழுதாள். இத்தனை வருஷம் தன் கையில்தான் கோளாறு என்று அவளும் நம்பியிருந்தாள். அதை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அடங்கியபோது மனதில் ஒன்றே ஒன்று நின்றது. இந்தக் கல்லை உடைக்க விடக்கூடாது.

காலையில் கலியபெருமாளிடம் மீன் வாங்கி வரச் சொன்னாள். பிள்ளைச்சாவடியிலிருந்து வருகிற மீன்காரம்மா கூடையை இறக்குகிற நேரம். நல்ல சங்கராவாக வாங்கி வந்தார். அவர் பையை வைப்பதற்கும் முருகையன் சுத்தியலும் உளியுமாக வந்து நிற்பதற்கும், குஞ்சம்மாளின் ஆட்டோ தெருமுனையில் திரும்புவதற்கும் சரியாக இருந்தது.

சுலோசனா சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“மேஸ்திரி, கொஞ்சம் இருங்க.”

“இன்னா இருக்கிறது? எமகண்டம் வந்துடும்,” என்றாள் குஞ்சம்மாள்.

“அண்ணி, சுழி போட்டது உங்க கை. அதுல ஒண்ணும் தப்பில்ல. சாமிய நெனச்சுத்தான போட்டீங்க. பிள்ளையாரு பார்த்து இந்தப் பக்கந்தான் வேணும்னு திருப்பி வச்சிருக்காரு. அவரு வச்சத நாம உளிய வச்சு ஒடைக்கலாமா, சொல்லுங்க. நீங்க சரின்னா ஒடைக்கட்டும்.”

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. முருகையன் உளியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அம்மா சொல்றதும் நாயமாத்தான் இருக்கு,” என்றார்.

குஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது. பிள்ளையார் தப்பு செய்தார் என்று சொல்ல முடியாது. தான் தப்பு செய்ததாகச் சொல்லவும் வாய் வராது. மூன்றாவதாக ஒரு வழியைப் பிடித்தாள்.

“சாமி பேச்சு இருக்கட்டும்மா. மனுஷி நின்னு சமைக்க முடியுமா இதுல? வாஸ்து வுடு, வசதி வேணாமா? நானே ஒரு கொழம்பு வச்சுக் காட்டுறேன், அப்பத் தெரியும் உங்களுக்கு.” முந்தானையை இழுத்துச் செருகினாள். உடனே நின்றாள். “மொத நெருப்புல மீனா வைக்கிறது? பாலே இன்னும் காய்ச்சல.”

“நேத்தே காய்ச்சிட்டேன் அண்ணி. கெழக்கால பொங்குச்சு.”

குஞ்சம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். கேட்காமல் ஒரு காரியம் இந்த வீட்டில் நடந்திருக்கிறது என்பதை முதல் தடவையாகப் பார்க்கிற பார்வை அது. பிறகு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, குஞ்சம்மாள் கைதேர்ந்த சமையல்காரி. சட்டியில் எண்ணெய் காய்கிற வாசனையிலேயே பதம் சொல்லிவிடுவாள். ஆனால் அஞ்சறைப்பெட்டி இடது பக்கம் இருந்தது. வலது கையை நெருப்புக்கு மேலே குறுக்கே நீட்டிக் கடுகை அள்ளினாள், வளையல் சுட்டது. கையை உதறியதில் பாதிக் கடுகு தொட்டிக்குள் போயிற்று. வெந்தயத்தைத் தேடி உடம்பைத் திருப்புவதற்குள் கடுகு வெடித்து முடிந்தது. வெங்காயத்துக்கு ஒரு தடவை, தக்காளிக்கு ஒரு தடவை என்று அடுப்பைச் சுற்றிச் சுற்றித் திரும்பினாள். கரண்டியை வைக்க வலது பக்கம் கையை நீட்டினாள். அங்கே தொட்டி. கரண்டி தடாலென்று உள்ளே விழுந்தது. எடுக்கக் குனிந்தவளின் முழங்கை இடித்து, புளிக் கரைசல் கிண்ணம் சாய்ந்து, மேடையெல்லாம் வழிந்து, அவள் புடவையில் இறங்கியது. வெந்தயம் கருகிய நாற்றம் கூடம் வரைக்கும் வந்தது.

குஞ்சம்மாள் அடுப்பை அணைத்தாள். முகமெல்லாம் வியர்வை.

“பார்த்தீங்களா?” என்றாள், மூச்சு வாங்க. “எனக்கே இந்த கதி. கை வைக்க எடமில்ல, திரும்புனா இடிக்குது, எடுத்த சாமான வைக்க முடியல. ஒரு நாளைக்கே இப்படின்னா, தெனம் இதுல நின்னு எவளாலம்மா சமைக்க முடியும்?”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது சுலோசனாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். அதைவிட உண்மையான ஒன்று அவளிடம் இருந்தது.

“என்னாலதான் அண்ணி,” என்றாள். “கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் இப்படித்தான் சமைச்சுக்கிட்டிருந்தேன்.”

முருகையனுக்கு ஒன்றும் புரியவில்லை. கலியபெருமாளுக்குப் புரிந்தது. அவர் இடத்தில் யார் இருந்தாலும் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும், அவரும் பட்டார். மனைவி யாரும் இல்லாதபோது இடது கையால் சீப்பைப் பிடிப்பதையும், கோலம் போடுவதையும் அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் வாய் திறந்ததில்லை. சமையலறையில் சுவர் சுவராக அளந்த மனிதர், அங்கே நிற்கப்போகிறவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சுலோசனா கருகிய சட்டியை இறக்கிவிட்டு வேறு சட்டி வைத்தாள். எல்லோரும் பார்க்கட்டும் என்றே கரண்டியை இடது கையில் எடுத்தாள். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை என்று கை போன இடத்தில் சாமான் இருந்தது. ஒரு பக்கம் வெங்காயம் வதங்கும்போதே மறு பக்கம் மீனை அலசினாள். புளியை மறுபடியும் கரைத்தாள், மிளகாய்த்தூளைக் கொட்டினாள், கொதி வந்ததும் மீனை ஒவ்வொன்றாக ஓரத்தில் வழுக்கிவிட்டாள். ஒரு சொட்டு கல்லில் சிந்தவில்லை. நின்ற இடத்தை விட்டு அவள் நகரவே இல்லை. மாங்காயை நறுக்கிய வேகத்தைப் பார்த்து முருகையன் சுத்தியலைக் கீழே வைத்தார். கலியபெருமாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, சர்க்கஸ் பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

“இவ்ளோ வேகமா சமைப்பியா நீ?” என்று கேட்டார்.

“சமைக்கத்தான் எடம் இல்லாம இருந்துச்சு,” என்றாள் சுலோசனா, திரும்பிப் பார்க்காமல்.

கலியபெருமாள் தொண்டையைச் செருமினார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் முருகையனைப் பார்த்துச் சொன்னார். “மேஸ்திரி, உளிய எடுத்து வச்சுடுங்க. கல்லு இப்படியே இருக்கட்டும். அலமாரிக்கு இன்னிக்கே ஆள வரச் சொல்லிடுறேன். இந்தத் தடவ எங்க எது வேணும்னு சுலோவக் கேட்டு அடிக்கச் சொல்லுங்க.”

“கலியா,” என்றாள் குஞ்சம்மாள்.

“இருக்கட்டும்க்கா,” என்றார் அவர். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது.

குஞ்சம்மாள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கிளம்பத்தான் எழுந்தாள். அப்போது பார்த்துக் குழம்பு கொதித்து, மாங்காயும் மீனும் சேர்ந்த வாசனை கூடத்துக்கு வந்தது. சமையல்காரிக்கு மூக்கு பொய் சொல்லாது. புடவையில் காய்ந்த புளியைக் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காதவள் போலக் கூடத்தில் உட்கார்ந்தாள். கலியபெருமாள் இலை போட்டார். சுத்தியல் தூக்க வந்த முருகையனும் கை கழுவிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

முதல் தடவை எல்லோருக்கும் சுலோசனா பழக்கப்படி வலது கையால்தான் பரிமாறினாள். குஞ்சம்மாள் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டாள். மீனின் முள்ளைச் சுத்தமாக உருவி ஓரத்தில் வைத்தாள். இலையில் சோறு குறைந்துகொண்டே வந்தது.

“உப்பு ஒரு கல்லு கம்மி,” என்றாள் கடைசியில். “கொஞ்சம் கொழம்பு ஊத்து.”

சுலோசனா சட்டியோடு வந்தாள். அவசரத்தில் கரண்டி இடது கையில் இருந்தது. இலைக்கு மேலே குனிந்தவள் சட்டென்று நின்று, சட்டியை இந்தக் கைக்கும் கரண்டியை அந்தக் கைக்கும் மாற்றப் போனாள். குழம்பு சட்டியின் விளிம்பு வரைக்கும் தளும்பியது.

“எதுக்கு இப்பக் கை மாத்துற?” என்றாள் குஞ்சம்மாள். இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கீழ கொட்டிடப் போற. வர்ற கையாலயே ஊத்து.”

சுலோசனா இடது கையாலேயே ஊற்றினாள். ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போதுமா என்று கேட்டாள். குஞ்சம்மாள் இன்னொரு கரண்டிக்கு இலையில் இருந்த சோற்றில் குழி பறித்தாள்.